டிஜிட்டலின் பாட்டும் என் வேகத்தடையும்

பாட்டின் வேகத்தை வண்டிச் சக்கரத்தோடு கட்டிவைத்த மனிதர் இந்த நாட்டில் ஒருவர்தான் இருந்திருப்பார். அவர் எங்கள் ஒழுங்கைக்குப் பாண் கொண்டுவந்தார். அவருடைய பாட்டைக் கேட்டு நாய்கள் ஊளையிட்டன. பொலிஸ்காரர்கள் வண்டி தள்ளினார்கள். ஒரு செத்த வீட்டில், அழுது முடித்தவர்கள் மறுபடியும் தொடங்கினார்கள். நான் தார் ஊற்றினேன்.

ஊர் அவரை டிஜிட்டல் என்று கூப்பிட்டது. பெற்றோர் வைத்த பெயர் வேறு இருந்திருக்கும். ஏழெட்டு வருடம் அவரிடம் பாண் வாங்கிய வீட்டுக்காரன் நான்; ஒரு நாளும் அதைக் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் அவரை 'அவர்' என்றுகூட நான் சொல்வதில்லை. 'அவன்' என்றுதான் சொல்வேன். இப்போது எழுதும்போது விரல் தானாகவே 'அவர்' என்று எழுதுகிறது. பிந்திய மரியாதை.

எங்கள் நாட்டில் பாண் என்கிற பேக்கரி ரொட்டி முச்சக்கர வண்டியில் வீடு தேடி வரும். பின்னால் ஒரு கண்ணாடிப் பெட்டி, அதற்குள் பாணும் பனிஸும், கூரையில் ஒரு ஒலிபெருக்கி. எல்லா வண்டியும் ஒரே மெட்டைத்தான் பாடும். விளையாட்டுச் சாமானுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு மெல்லிய வெளிநாட்டு மெட்டு. அது கேட்டால், கையில் பையோடு செருப்பில்லாமல் ஓடிவர வேண்டும் என்று நாட்டில் எல்லாருக்கும் தெரியும். டிஜிட்டலும் முதலில் அந்த மெட்டோடுதான் வந்தார்.

மடுல்கெல்லப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, பல்லேகலவில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் திருத்தி, அது ஆட்களைக் குறைத்தபோது பாணுக்கு வந்தவர். ஐம்பது வயதிருக்கும். கலியாணம் செய்யவில்லை. சட்டைப் பையில் எப்போதும் ஒரு ஸ்க்ரூ ட்ரைவர். "எப்படிச் சுகம்?" என்று அவர் யாரையும் கேட்டதில்லை.

"ஹாஜியாரே, இன்னைக்கி எத்தன பர்சன்ட்?"

எதிர்வீட்டு ஹாஜியார் கண்டி டவுனில் துணிக்கடை வைத்திருந்து, அதை மகன்மாரிடம் கொடுத்துவிட்டு ஓய்ந்திருந்தவர். அவர் தாடியைத் தடவி உண்மையாகவே யோசிப்பார்.

"அறுபது ஈக்கும். முழங்கால் நாப்பதுதான்."

"முழங்கால சூட்டுல வையுங்க, ஏறிரும். சார், உங்களுக்கு எத்தன பர்சன்ட்?"

நான் பதில் சொல்வதில்லை. வீதி அதிகாரசபையில் பொறியியலாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பாண்காரனுக்கு என் நூற்றுவீதத்தைச் சொல்ல வேண்டிய தேவை எனக்கு இருப்பதாகப் படவில்லை.

நாவலப்பிட்டியில் கலியாண வீடுகளுக்கு வாசிக்கிற ஒரு கோஷ்டி கலைந்தபோது, அவர்களுடைய பழைய சிந்தசைசரை டிஜிட்டல் வாங்கினார். அதில் மூன்று கட்டைகள் வேலை செய்யாது. "அந்த மூணு சுரம் இல்லாத பாட்டாப் போட்டுட்டாப் போச்சு" என்றார். போட்டார். தன் குரலிலேயே பாடி, அதைக் கைபேசியில் ஏதோ செய்து இயந்திரக் குரலாக மாற்றினார். பிறகுதான் அந்தக் காந்த வேலை. பின்சக்கரத்தில் ஒரு சின்னக் காந்தம். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் பாட்டு ஒரு தாளத் தட்டு நகரும். வண்டி ஓடினால் பாட்டு ஓடும், ஊர்ந்தால் ஊரும், நின்றால் நிற்கும்.

"ஏன் தம்பி இந்த வீண் வேலை?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வண்டி கஷ்டப்பட்டு ஏறுறப்ப, பாட்டு மட்டும் சொகமா ஒக்காந்துகிட்டு வரலாமாங்க சார்?"

குண்டசாலையிலிருந்து மேலே ஏறுகிற ஒழுங்கை எங்களுடையது. கீழே அரைவாசி ஏற்றம், மேலே அரைவாசி ஏற்றம். இரண்டுக்கும் நடுவில், மதகிலிருந்து எங்கள் வீட்டு கேட் வரைக்கும் மட்டும் ஒரு துண்டு சமதரை. இதை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். என் பாவம் அந்தச் சமதரையில்தான் கிடக்கிறது.

பாட்டு இப்படித் தொடங்கும்:

சிக்னல் இல்லாத மலையில நின்னேன்
ஒன்னைய நெனச்சேன், நாலு கோடு வந்திருச்சு
பாஸ்வேர்ட் இல்லாத கேட் ஒண்ணு இருக்கு
லோடிங்... லோடிங்...

அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. மறுபடி முதலிலிருந்து. "முடிவு எங்கே?" என்று ஹாஜியார் கேட்டால், "இன்னும் டவுன்லோட் ஆவலங்க" என்பார்.

வண்டி ஏற்றத்தில் முக்கும்போது அந்த 'லோடிங்' எப்படிக் கேட்கும் என்று கற்பனை செய்து பாருங்கள். ஒரு பெரிய மிருகம் சேற்றில் புதைந்துகொண்டே கடவுளைக் கூப்பிடுவது மாதிரி. ஒழுங்கையில் உள்ள அத்தனை நாய்களும் கழுத்தை நீட்டிக் கூடப் பாடும். திரும்பி இறங்கும்போது அதே பாட்டு, துரத்தப்பட்ட கோழி மாதிரி ஓடும். ஒரு தடவை பிரேக் பிடிக்கவில்லை. பாட்டின் வேகத்தைக் கேட்டே ஆட்கள் மதிலோடு ஒட்டிக்கொண்டார்கள். பாண் விற்ற வண்டிகளில் அபாய அறிவிப்பும் தந்தது அது ஒன்றுதான்.

மேல் வீட்டில் ஒரு மரணம். பாடை முன்னால் போக, ஒதுங்க இடமில்லாமல் டிஜிட்டல் பின்னால் மாட்டிக்கொண்டார். பாட்டை நிறுத்த வண்டியை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் பின்னால் வரும் வான் இடிக்கும். அரை மைல் தூரம், நடக்கிற வேகத்தில், 'ஒன்...னைய... நெ...னச்...சேன்' என்று அந்த இயந்திரம் அழுதது. செத்தவரின் மூத்த மகன் திரும்பி வந்து டிஜிட்டலின் கையைப் பிடித்துக்கொண்டான். பறை மேளம் தராத சோகத்தை இது தந்துவிட்டதாம். எட்டாம் நாளுக்கு ஐம்பது இறாத்தல் பாண் அவரிடமே சொன்னார்கள்.

பிறகு ஊரடங்குக் காலம் வந்தது. கொரோனாவுக்குப் பயந்து நாடே கதவைப் பூட்டியிருக்க, பாண் வண்டிக்கு மட்டும் அனுமதி. மாதக்கணக்காக எங்கள் ஒழுங்கையில் கேட்ட ஒரே மனித அரவம் டிஜிட்டலின் பாட்டுத்தான். அதுவும் இயந்திரக் குரலில். சந்தியில் இரண்டு பொலிஸ்காரர்கள் மறித்து, அந்தப் பாட்டைப் போடச் சொன்னார்களாம். நின்ற வண்டி பாடாது என்று அவர் விளக்கியிருக்கிறார். சலித்துப்போயிருந்த பொலிஸ்காரர்கள் துவக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு வண்டியைப் பின்னாலிருந்து தள்ளத் தொடங்கினார்கள். 'நாலு கோடு வந்திருச்சு' வரைக்கும் முன்னால், பிறகு பின்னால். காந்தத்துக்கு முன்னும் பின்னும் ஒன்றுதான். எந்தப் பக்கம் சுற்றினாலும் பாட்டு முன்னேதான் போகும். "ஆயெத், ஆயெத்" என்று சிங்களத்தில் மறுபடி மறுபடி கேட்டார்களாம். அன்று எங்களுக்குப் பாண் ஒரு மணித்தியாலம் பிந்தியது.

மாலை நடைக்குப் போகும்போது ஏற்றத்தில் வைத்து அவரை ஒருநாள் பிடித்தேன்.

"என்ன தம்பி, உது பாட்டே? பழுதான கொம்பியூட்டர் ஒண்டு வயித்துக்குத்தில அழுகிற மாதிரிக் கிடக்கு."

அவர் கோபிக்கவில்லை. வண்டியை நிறுத்தினார், ஆகவே பாட்டும் நின்றது.

"சார் ஏத்தத்துல நின்னு கேக்குறீங்க. அதான் அப்புடி. ஒங்க வீட்டு கேட்டுகிட்ட நின்னு கேட்டுப் பாருங்க."

நான் போய்க் கேட்கவில்லை. ஆனால் அங்கே நின்று கேட்கிற ஆள் ஒருவர் இருந்தார்.

என் தங்கை ராஜி. என்னைவிடப் பதினெட்டு வயது இளையவள். கண்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்தாள். யாழ்ப்பாணத்தில் அவளுக்கு மாப்பிள்ளை பார்க்க வேண்டிய வயதில் யுத்தம். யுத்தம் முடிந்து பார்த்தால் ஐம்பதை நெருங்கியிருந்தாள். என் மனைவி இறந்த பிறகு என்னோடு வந்து வீட்டைப் பார்த்துக்கொண்டாள். பிள்ளைகளின் விடைத்தாளைத் திருத்தும்போது தவிர மற்ற நேரமெல்லாம் அமைதியானவள். ஊரடங்கில் தினமும் நாலரைக்கு கேட்டடியில் நின்று பாண் வாங்கினாள். கேட்டைத் திறப்பதில்லை; மேலால் கை நீட்டித்தான். டிஜிட்டல் அவளுக்கென்று ஒரு கிம்புலா பனிஸ் எடுத்து வைப்பார். முதலை வடிவத்தில் சீனி தூவிய பனிஸ் அது. வண்டி ஆடுகிற ஆட்டத்தில் எல்லா முதலைக்கும் வால் உடைந்துவிடும். ராஜிக்கு வந்த முதலைகளுக்கு மட்டும் வால் இருந்தது. ஒரு பொறியியலாளர் இதைக் கவனித்திருக்க வேண்டும்.

நான் கவனித்தது ஒரு கொப்பியை. மார்கழி மாதம், ஒரு ஊசி நூல் தேடி அவளுடைய மேசை லாச்சியைத் திறந்தேன். ஒரு பக்கம் முழுக்கக் கணக்கு. முச்சக்கர வண்டிச் சக்கரத்தின் சுற்றளவு. மதகிலிருந்து எங்கள் கேட் வரைக்கும் தூரம். வகுத்தால் நாற்பது சுற்று. நாற்பது சுற்று, நாற்பது தட்டு. சமதரையில் வண்டி போக வேண்டிய வேகம். ஒவ்வொரு தட்டுக்கும் கீழே, ராஜியின் சின்னக் கையெழுத்தில், பாட்டின் ஒவ்வொரு அசை. ஏற்றத்தையும் இறக்கத்தையும் அவள் விட்டுவிட்டாள். இந்த உலகத்தில் அந்தப் பாட்டுச் சரியான வேகத்தில் கேட்கிற இடம் ஒன்றே ஒன்றுதான் என்று அந்தப் பக்கம் சொன்னது. மதகிலிருந்து எங்கள் கேட் வரைக்கும்.

முப்பத்தெட்டாம் தட்டுக்குக் கீழே ஊர் கேட்காத ஒரு சொல் இருந்தது: 'தொறக்குமா?' அதற்கு நேரே, வேறு ஒரு கோணல் எழுத்தில் (பாண் பையோடு கேட்டுக்கு மேலால் கொப்பியும் போய் வந்திருக்கிறது): 'டீச்சர், பொங்கல் அன்னைக்கு இந்தக் கடைசிச் சொல்லையும் போட்டுக்கிட்டு வாறேன். நீங்க பதில் பேச வேணாம். கேட்டத் தொறந்தாப் போதும்.'

நான் அடுத்த நாள் நாலரைக்குக் கராஜுக்குள் ஒளிந்து நின்று அந்தப் பாட்டைக் கேட்டேன். வண்டி மதகைத் தாண்டியது. ஊளை நின்றது. சொற்கள் நிமிர்ந்தன. தாளம் கால் ஊன்றி நடந்தது. அந்த மூன்று சுரம் இல்லாத குறை தெரியவில்லை. சிக்னல் இல்லாத மலை தெரிந்தது. பாட்டு நன்றாக இருந்தது. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

ஏன் பயம் என்று நேராகவே சொல்லிவிடுகிறேன். லயத்தில் பிறந்தவர், பாண் விற்பவர், நாங்கள் யார் என்பதெல்லாம் முதல் காரணம். அதை நினைக்க இன்று வெட்கமாக இருக்கிறது. இரண்டாவது காரணம் அதைவிடச் சிறியது. அவள் போனால் எனக்கு யார் தேத்தண்ணி போடுவது?

தங்கையிடம் நான் பேசவில்லை. டிஜிட்டலிடமும் பேசவில்லை. எனக்குத் தெரிந்த மொழி ஒன்றுதான். அந்த மொழியில் பேசினேன். ஊர்ச் சபைக்கு, சிங்களத்தில் மூன்று பக்கமும் இணைப்பாக ஒரு வரைபடமும் வைத்து, எங்கள் ஒழுங்கையின் சமதரையில் ஒரு வேகத்தடை வேண்டும் என்று கடிதம் எழுதினேன். 'சிறு பிள்ளைகளின் உயிர்ப் பாதுகாப்பு' என்று தலைப்பு. அன்று எங்கள் ஒழுங்கையில் இருந்த ஆகச் சிறிய பிள்ளைக்கு முப்பத்தொரு வயது. சபையில் தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருகாலத்தில் என்னிடம் வேலை பழகியவர். பொங்கலுக்கு ஆறு நாள் முன்பு தார் வந்தது. நானே நாடா பிடித்து, சோக்கட்டியால் கோடு கீறிக் கொடுத்தேன். முப்பத்து நான்கு வருடச் சேவையில் நான் காரணமில்லாமல் போட்ட வேகத்தடை அது ஒன்றுதான்.

பொங்கலன்று நாலரை. நான் யன்னலில் நின்றேன். ராஜி புதுச் சேலையோடு கேட்டடியில் நின்றாள். கை தாழ்ப்பாளில் இருந்தது. வண்டி மதகைத் தாண்டியது. ஐந்து நாளாக அந்தத் தடையில் முக்கியாவது ஏறிய வண்டிதான்; அன்று பெருநாள் என்பதால் பெட்டி நிறையச் சாமான், வண்டியில் மாலை. 'பாஸ்வேர்ட் இல்லாத கேட் ஒண்ணு இருக்கு' வரைக்கும் ஒரு குறையுமில்லை. பிறகு முன்சக்கரம் என் வேகத்தடையில் ஏறியது. பின்சக்கரம் ஏறவில்லை. 'லோ...டி...' என்று இழுத்து, இயந்திரம் நின்றது.

டிஜிட்டல் இறங்கித் தள்ளினார். வண்டி முன்னே போய்ப் பின்னே வந்தது. மறுபடி முன்னே, மறுபடி பின்னே. காந்தத்துக்கு எந்தப் பக்கமும் ஒன்றுதான் என்று சொன்னேனே. ஒவ்வொரு சுற்றுக்கும் பாட்டு ஒரு தட்டு முன்னேறியது. கேட்டுக்கு முன்னால் விழ வேண்டிய அந்தக் கடைசிச் சொல், வேகத்தடையின் மேலேயே விழுந்தது. அதற்கு நேரே இருப்பது ஹாஜியார் வீட்டு கேட்.

"தொறக்குமா?" என்று இயந்திரக் குரல் பெரிதாகக் கேட்டது.

ஹாஜியார் வெளியே எட்டிப் பார்த்தார்.

"என்னா டிஜிட்டல், தொறந்துதானே ஈக்கி! வாங்க, உள்ளுக்கு வாங்க!"

ஒழுங்கையே சிரித்தது. கண்ணாடிப் பெட்டி திறந்து பனிஸ்கள் தெருவில் உருண்டன; அத்தனை முதலைக்கும் வால் போயிற்று. டிஜிட்டல் குனிந்து பொறுக்கினார். எங்கள் கேட்டைப் பார்க்காமலே வண்டியைத் திருப்பினார். கேட்டவர் யார், கேட்கப்பட்டவர் யார் என்று அங்கே தெரிந்தது மூன்று பேருக்குத்தான். ராஜியும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தாள். பிறகு தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்துவிட்டு உள்ளே வந்து பொங்கல் பானையைக் கழுவினாள்.

நாலு நாள் கழித்து அவர் என்னிடமே வந்தார்.

"சார், நீங்க ரோட்டு இஞ்சினியரு. இந்த பம்ப்ப எடுக்கச் சொல்லி ஒரு வார்த்த சொல்லுங்களேன். எனக்கு ஒரு முக்கியமான ஜோலி கெடக்கு, இதால கெட்டுப் போவுது."

"அது சட்டப்படி போட்டது, தம்பி. ஒண்டும் செய்யேலாது" என்றேன். முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

அவர் சபைக்கே போயிருக்கிறார். கோப்பைக் காட்டியிருக்கிறார்கள். அடுத்த நாள் ராஜி பள்ளிக்கூடத்தில் இருந்த நேரம், வண்டியின் இயந்திரத்தை நிறுத்தி, ஒலிபெருக்கியின் கம்பியைக் கழற்றி, மெதுவாகத் தள்ளிக்கொண்டு வந்து கேட்டடியில் நின்றார்.

"கையெழுத்து சிங்களத்துலயும் அழகாத்தான் இருந்திச்சுங்க சார்."

நான் கேட் தாழ்ப்பாளைச் சரிபார்த்தேன்.

"வாயால ஒரு வார்த்த, 'வராத'ன்னு சொல்லியிருக்கலாமே. நீங்க வீட்டுக்குப் பெரியவரு. வராம இருந்திருப்பேன். இதுக்குப் போயி தார் ஊத்திட்டீங்களே!"

ஒரு கடதாசிப் பையை மதிலில் வைத்தார். "இது டீச்சருக்கு." போய்விட்டார். அன்று அவர் எத்தனை பர்சன்ட் என்று என்னைக் கேட்கவில்லை. பைக்குள் வால் உடையாத ஒரு கிம்புலா பனிஸ் இருந்தது. நான் அதை உள்ளே கொண்டுபோகவில்லை. பின்னேரம் காகங்கள் கொத்திக்கொண்டிருந்தன.

அது நடந்து ஐந்து வருடம். வேறு வண்டி வருகிறது. நாட்டுக்கே தெரிந்த அந்த மெட்டை ஏற்றத்திலும் இறக்கத்திலும் ஒரே வேகத்தில் பாடுகிறது. ராஜி பாண் வாங்கச் சம்பளத்துக்கு வரும் மனுசியை அனுப்புகிறாள். டிஜிட்டலைப் பற்றி ஒரு சொல் இல்லை. எனக்குத் தேத்தண்ணி மட்டும் நேரத்துக்கு வந்தது. அவ்வளவு கசப்பான தேத்தண்ணியை நான் குடித்ததில்லை. சீனி சரியாகத்தான் இருந்தது.

முந்தாநாள் ஹாஜியார் ஒரு கலியாணத்துக்கு நாவலப்பிட்டிக்குப் போய் வந்தார்.

"இஞ்சினியர், ஆரைக் கண்டேன் செல்லுங்க? நம்மட டிஜிட்டல்! அங்கதான் பாண் விக்கிறார். இன்னும் தனியத்தான் ஈக்கிறார். ஆனா வண்டியில அந்தப் பாட்டு இல்ல, சாதாரண மெட்டுத்தான். 'ஏன் மனுசா?'ன்னு கேட்டேன். 'அது ஒரே ஒரு கேட்டுக்குன்னு செஞ்சதுங்க ஹாஜியாரே, வேற ரோட்டுல போட்டா ஒண்ணு அழுவுது, இல்லாட்டி ஓடுது' என்டார். எந்தக் கேட்டாம்? எங்கடையா?"

அடுத்த நாள் காலை நான் சபையில் நின்றேன். வேகத்தடையை எடுத்துவிடுங்கள் என்றேன். ஓர் இளம் பெண் கோப்பைக் கொண்டுவந்து என் கடிதத்தையே எனக்கு வாசித்துக் காட்டினாள். 'ஒரு குழந்தையின் உயிரை விட நமது பயண வசதி பெரிதா?' என்று இரண்டாம் பக்கத்தில் நான் கேட்டிருந்தேன். "மஹத்தயா, இந்தக் கடிதத்தை வாசித்த பிறகு யாராவது இதை எடுக்கக் கையெழுத்து வைப்பார்களா?" என்றாள். இந்தக் கடிதம் அவ்வளவு நல்லதாம். புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு மாதிரியாகக் காட்டுவார்களாம்.

வீட்டுக்கு வந்தேன். ராஜி விறாந்தைக் கதிரையில் இருந்து புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள். போன வருடம் அவளும் ஓய்வு பெற்றுவிட்டாள்.

"ராஜி, உந்த பம்ப்..." என்று தொடங்கினேன்.

"முப்பத்திமூண்டாம் சுற்றில தொடங்குது" என்றாள், தலையைத் தூக்காமலே.

"உனக்குத் தெரியுமோ?"

"போட்ட அண்டைக்கே அளந்தனான், அண்ணா. சபைக்காரர் தங்கட பாட்டுக்குப் போட்டிருந்தா ஒரு முழம் அங்கால இங்கால விலகியிருக்கும். இது அந்த 'லோடிங்' தொடங்கிற இடத்திலயே நிக்குது. உங்களைத் தவிர ஆர் இவ்வளவு திறமாப் போடுவினம்?"

"அண்டைக்கே தெரிஞ்சும் நீ கேட்டடியில... பொங்கலண்டு..."

"வண்டி வந்து நிண்டிருந்தாத் திறந்திருப்பன். வரேல்லையே."

"ஏன் என்னட்டக் கேக்கேல்லை?"

"நீங்களாச் சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தன்." புத்தகத்தை மூடினாள். "ஐஞ்சு வருசம் எடுத்திட்டியள்."

கடைசி நாள் அவர் சொன்னதையும், மதிலில் வைத்த பனிஸையும், காகத்தையும் சொன்னேன். காகம் என்ற இடத்தில் மட்டும் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஹாஜியார் கொண்டுவந்த செய்தியைச் சொன்னேன். சபைக்குப் போனதைச் சொன்னேன்.

"எடுக்க மாட்டினமாம்."

"ஏனாம்?"

"என்ர கடிதம் நல்லா எழுதியிருக்காம்."

ராஜி சிரித்தாள். பொங்கலன்று சிரித்த சிரிப்பில்லை இது; வயிற்றிலிருந்து வந்தது, கண்ணீரோடு வந்தது. சிரித்து முடித்து எழும்பி உள்ளே போனாள். அலுமாரி திறக்கிற சத்தம் கேட்டது. அந்தக் கொப்பியோடும் பென்சிலோடும் திரும்பி வந்து இருந்தாள்.

"எடுக்கேலாதெண்டாக் கணக்கில சேக்க வேண்டியதுதான். அகலம் எவ்வளவு போட்டனீங்கள்?"

"பன்னிரண்டு அடி."

"உயரம்?"

"நாலு அங்குலம். நாலுக்கு மேல போகக் கூடாது எண்டு நிண்டு பாத்தனான்."

"மூண்டு சுற்றுக்கு ஓரடி குறைய" என்று எழுதினாள். "அந்த மூண்டு சுற்றுக்கும் பாட்டு வேண்டாம். மூண்டு தட்டுச் சும்மா விட்டா, வண்டி எவ்வளவு மெல்ல ஏறினாலும் இழுபட அங்க ஒண்டும் இராது. சுமையையும் பாதியாக் குறைச்சா இயந்திரம் நிக்காது. இறங்கினாப் பிறகு, கேட்டடியில, அந்தச் சொல்."

"அவர் வருவாரோ, ராஜி?"

"தெரியாது." பென்சிலைக் கூராக்கினாள். "வராட்டியும் கணக்குப் பிழையா இருக்கக் கூடாது."

அந்தத் தாள் இப்போது என் சட்டைப் பையில் இருக்கிறது. நாளைக் காலை நாவலப்பிட்டி பஸ்ஸில் போகிறேன். தபாலில் அனுப்பலாம்தான், தபாலும் கோப்பும் கையெழுத்துமாக நான் செய்தது போதும். போய் முதலில் அவருடைய பெயரைக் கேட்பேன். அவர் திட்டினால் நின்று கேட்பேன். திட்டாமல் ஒரு பனிஸ் நீட்டினால், வால் உடைந்ததாக இருந்தாலும், அங்கேயே தெருவில் நின்று சாப்பிடுவேன். ஒருவேளை அவர் பழைய பழக்கத்தில், "சார், எத்தன பர்சன்ட்?" என்று கேட்கக்கூடும். கேட்க வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. பதிலை இப்போதே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.